“எத்தனாவது மாசத்துல போச்சு?” - திண்டுக்கல் ஸ்கேன் சென்டர் பெஞ்சில் தோழிகளான நாலு பேர்!

ஸ்கேன் சென்டரில் டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சிலர் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தபடி கணவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். சிலருக்கு கையில் இருக்கும் ஃபைல் மட்டும் தடிமனாக இருக்கும். யாரிடமும் பேச மாட்டார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் கொழுகொழு குழந்தை போஸ்டர் கண்ணில் படாமல் இருக்க, செல்போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் அக்கா இரண்டாவது ரகம். பெரியப்பா மகள். திண்டுக்கல் டவுனில் வீடு. வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூற்பாலையில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் வேலை. கல்யாணமாகி ஐந்து வருடம். முதல் கரு ஒன்பதாவது வாரத்தில் கலைந்தது. அடுத்தது இருபத்திரண்டு வாரம் வரை வந்து, ஒரு ராத்திரியில் போய்விட்டது.

அதற்கு நாலு மாதம் கழித்து, டாக்டர் எழுதிக்கொடுத்த ஒரு ஸ்கேனுக்காக அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த அக்கா, இவள் ஃபைலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். “எத்தனாவது மாசத்துல போச்சு?” என்று கேட்டார். அவ்வளவுதான். அக்கா அங்கேயே உடைந்து அழுதிருக்கிறாள்.

“நாலு மாசமா எத்தனை பேரு வீட்டுக்கு வந்தாக. ஒருத்தரும் அதைக் கேட்கல. எல்லாரும் ‘போனதை நினைக்காத, அடுத்தது தங்கும்’னு சொன்னாக. ‘போனது’ எத்தனை மாசம், ஆணா பொண்ணா, எனக்கு வலிச்சுச்சா, ஒண்ணும் கேட்கல. இவுகதான் கேட்டாக” என்றாள் என்னிடம்.

அந்த ‘ஒருத்தரும்’ என்பதில் நானும் உண்டு. செய்தி கேட்டு ஓடிப்போய் நான் சொன்ன முதல் வார்த்தை, “உனக்கு என்ன வயசாயிருச்சுக்கா!” இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

கேள்வி கேட்ட அக்கா சின்னாளபட்டிக்காரர். அவருக்கு பதினெட்டாவது வாரத்தில் ஒன்று, எட்டாவது வாரத்தில் ஒன்று. அன்றைக்கு இருவரும் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். அடுத்தடுத்த மாதங்களில் அதே பெஞ்சில் பேகம்பூர் அக்கா சேர்ந்தார், நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்து மருமகள் ஒருத்தி சேர்ந்தாள். அவள்தான் கடைக்குட்டி, இருபத்து நாலு வயது. என் அக்கா போனில் மூணு பேருக்கும் ஊர்ப்பெயர்தான். ‘சின்னாளபட்டி’, ‘பேகம்பூர்’, ‘நிலக்கோட்டை’. இந்தக் கட்டுரையிலும் பெயர் வேண்டாம் என்றார்கள். மாமியார்கள் இந்த இதழை வாசிப்பார்களாம்!

மூணு மாசம் மூடி வைக்கிற வழக்கம்

நம் ஊரில் நாள் தள்ளிப்போனால் மூன்று மாதம் வெளியே சொல்லக் கூடாது. கண்பட்டுவிடும். அந்த வழக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கரு கலைவதில் பெரும்பாலானவை அந்த முதல் மூன்று மாதத்துக்குள்தான் நடக்கின்றன. உண்டானதே யாருக்கும் தெரியாதபோது, போனதை மட்டும் யாரிடம் போய்ச் சொல்வது? ‘வைரல் ஃபீவர்’ என்று லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, நாலாம் நாள் வேலைக்குப் போக வேண்டியதுதான். என் அக்கா முதல் முறை அதைத்தான் செய்தாள்.

சொல்லாததால், தனக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் வருகிறது. உண்மை அதற்கு நேர் எதிர். 2021 ஏப்ரலில் ‘லான்செட்’ மருத்துவ இதழ் கருச்சிதைவு பற்றி ஒரு கட்டுரைத் தொடரே வெளியிட்டது. அதன்படி, உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 2.3 கோடி கருச்சிதைவுகள் நடக்கின்றன. நிமிடத்துக்கு 44. உறுதியான கர்ப்பங்களில் 15 சதவிகிதம் இப்படி முடிகின்றன. பத்துப் பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது நடக்கிறது. நம் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணிப் பார்க்காமலே எனக்கு ஒரு பதில் கிடைத்தது. இந்தக் கட்டுரைக்காக வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, எண்பதைத் தாண்டிய எங்கள் அப்பத்தா கயிற்றுக் கட்டிலில் இருந்தபடியே, “உங்க பெரியப்பனுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு” என்றார். பெரியப்பாவுக்கு அறுபது வயது. தனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்ததை அன்றைக்குத்தான் அவரும் கேட்கிறார்.

பப்பாளியும் பல்லாங்குழி ரோடும்

போனதற்குக் காரணம் கண்டுபிடிப்பதில் மட்டும் ஊர் வாய் மூடியிருப்பதே இல்லை. என் அக்கா கேட்ட பட்டியல் இது: வத்தலக்குண்டு ரோட்டில் டூவீலரில் போனது, துக்க வீட்டுக்குப் போனது, எள்ளுருண்டை தின்றது, மாடிப்படி ஏறியது, மில் சத்தம். நிலக்கோட்டைத் தங்கைக்கு இன்னொன்று கூடுதல். அமாவாசையன்று பூப்பறித்தாள்.

மருத்துவம் சொல்வது வேறு. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்படும் பிழை. கரு உருவான கணத்திலேயே நடந்துவிடுகிற விஷயம். படியில் ஏறியதாலோ, பஸ்ஸில் குலுங்கியதாலோ வருவதல்ல. தொடர்ந்து கலையும்போது வேறு காரணங்களையும் தேடுவார்கள். தைராய்டு, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, கர்ப்பப்பையின் நடுவே தடுப்புச்சுவர் போன்ற அமைப்பு, ரத்தத்தை உறையவைக்கும் ‘ஆன்டிபாஸ்போலிப்பிட்’ பிரச்னை. நாலு, ஐந்தாவது மாதத்தில் போனால் கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தம்பதி இருவரின் குரோமோசோமையும் சில நேரம் பரிசோதிக்கச் சொல்வார்கள். எல்லாம் பார்த்தும் காரணம் தெரியாமல் போவதும் நிறையவே உண்டு. அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அடுத்தடுத்த கர்ப்பம் நல்லபடியாகவே முடிகிறது என்பதையும் டாக்டர்கள் சேர்த்தே சொல்கிறார்கள்.

எத்தனை முறை கலைந்தால் பரிசோதனை? பிரிட்டன் மருத்துவர்கள் அமைப்பு நீண்டகாலமாக மூன்று என்ற கணக்கை வைத்திருக்கிறது. ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவ அமைப்பு இரண்டு போதும் என்கிறது. இரண்டு இழப்பைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் “டெஸ்ட் எடுக்கலாமா?” என்று வாய்விட்டுக் கேட்பதில் தப்பே இல்லை. நம்மில் பலர் கேட்பதில்லை. ஐந்து நிமிட கன்சல்டேஷனில், பின்னால் முப்பது பேர் நிற்கும்போது, கேள்வி மறந்துவிடுகிறது.

நாலு பேரும் சேர்ந்த பிறகு நடந்த முதல் உருப்படியான காரியம் இதுதான். டாக்டரைப் பார்க்கப் போகிறவர் முந்தின ராத்திரி தன் கேள்விகளை மற்ற மூவரிடம் சொல்வார். அவர்கள் விட்டதைச் சேர்ப்பார்கள். பேகம்பூர் அக்கா டீச்சர் ட்ரெயினிங் முடித்தவர். அழகான கையெழுத்தில் துண்டுச்சீட்டில் எழுதித் தருவார். “சீட்டைப் பார்த்துட்டு டாக்டரம்மாவே சிரிச்சுட்டாங்க. ஆனா உட்கார வச்சு ஒவ்வொண்ணுக்கா பதில் சொன்னாங்க” என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை, சின்னாளபட்டி

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னாளபட்டி அக்கா வீட்டில் கூடுகிறார்கள். சுங்குடிச் சேலை வியாபாரம் செய்யும் வீடு. முன்கட்டு முழுக்க சேலைக் கட்டுகள். பின்கட்டில் இவர்கள். கணவர்களுக்குத் தெரியும், மாமியார்களுக்கு ‘சேலை எடுக்கப் போறோம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். இத்தனை மாதமாக எடுத்தும் சேலை வீட்டுக்கு வராதது பற்றி ஒரு மாமியாருக்கு சந்தேகம் வந்துவிட்டதாம்.

நான் ஒரு முறை போயிருந்தேன். எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைத்துப்போன எனக்கு ஏமாற்றம். பாதி நேரம் பிரியாணி பேச்சு, நாத்தனார் பேச்சு. நடுவில் யாராவது ஒருவர் எதையாவது சொல்ல ஆரம்பிப்பார். மற்றவர்கள் கை வேலையை நிறுத்துவார்கள். முடித்ததும் யாரும் ‘எல்லாம் சரியாயிரும்’ என்பதில்லை. “ம்” என்பார்கள். அல்லது தனக்கு நடந்ததைச் சொல்வார்கள்.

அன்றைக்கு என் அக்கா பேசியது அந்த இருபத்திரண்டாவது வாரத்தைப் பற்றி. எனக்கே அது புதுசு. பிள்ளையை ஒரு துணியில் சுற்றி மாமாவிடம் கொடுத்திருக்கிறார்கள். மாமாவும் பெரியப்பாவும் விடியுமுன் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். அக்காவிடம் காட்டவில்லை. காட்டினால் தாங்க மாட்டாள் என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். “அவருக்கு முகம் தெரியும். எனக்குத் தெரியாது. மூக்கு யாரு மாதிரின்னு ஒரு நாள் கேட்டேன். எந்திரிச்சு வெளிய போயிட்டாரு” என்றாள்.

மாமாவுக்கு என்று ஒரு பின்கட்டு எங்கேயும் இல்லை. நாலு கணவர்களும் ஒருவரையொருவர் பார்த்தால் வண்டி மைலேஜ் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

இதே விஷயம்தான் பிரிட்டனில் ஒரு அமைப்பையே உருவாக்கியது. பெல் மூனி என்ற பத்திரிகையாளருக்கு 1975-ல் குழந்தை இறந்து பிறந்தது. சில வாரங்களில், 1976 ஜனவரியில், அதைப் பற்றி ‘கார்டியன்’ நாளிதழில் எழுதினார். தங்களுக்கும் அப்படி நடந்ததாகப் பெண்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. அந்தக் காலத்தில் அங்கும் இறந்து பிறந்த பிள்ளையைத் தாய்க்குக் காட்டாமல் எடுத்துப்போவதுதான் வழக்கம். அதேபோல் பிள்ளையை இழந்த ஹேசலான் லூயிஸ் என்ற சமூகப் பணியாளருடன் சேர்ந்து 1978-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்றைக்கு அது ‘சாண்ட்ஸ்’ என்ற பெயரில் நடக்கிறது. இப்போது அங்கே மருத்துவமனைகள் பெற்றோரிடம் ‘பார்க்க விரும்புகிறீர்களா?’ என்று கேட்கின்றன. வேண்டாம் என்றும் சொல்லலாம். கேட்கிறார்கள், அதுதான் விஷயம்.

கருச்சிதைவுக்குப் பிறகு மனம் என்ன பாடுபடுகிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 650-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி, 2020-ல் வெளியிட்டார்கள். ஆரம்பக்கட்ட கர்ப்ப இழப்பு நடந்து ஒரு மாதத்தில் 29 சதவிகிதம் பேருக்கு, பெரும் விபத்தில் சிக்கியவர்களுக்கு வருவது போன்ற மன அதிர்ச்சி அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவிகிதம் பேருக்கு அது போகவில்லை. ‘ரெண்டு மாசத்துல மறந்துரும்’ என்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்ற நிலைக்கு யாராவது போனால் தோழிகள் போதாது. 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. நிலக்கோட்டைத் தங்கை ஒரு முறை பேசியிருக்கிறாள். நம்பரை அழுத்திக் கையில் கொடுத்தது சின்னாளபட்டி அக்கா.

அந்த மாத்திரை விவகாரம்

எல்லாமே இனிப்பாகப் போய்விடவில்லை. ஒரு முறை பெரிய சண்டை நடந்தது.

பேகம்பூர் அக்காவுக்கு டாக்டர் புரோஜெஸ்ட்ரான் எழுதிக்கொடுத்திருந்தார். அதில் மீதி இருந்ததை நிலக்கோட்டைத் தங்கை கேட்டாள். ‘நாள் தள்ளிப்போனதும் போட்டுக்கிறேன், தங்கிரும்ல?’ பாவம், அவளுக்கு டாக்டர் ஃபீஸ், பஸ், ஒரு நாள் பூப்பறிப்பு கூலி எல்லாம் கணக்கு. பேகம்பூர் அக்கா கொடுக்கவும் தயாராக இருந்தார். என் அக்கா கத்தியிருக்கிறாள். இரண்டு வாரம் யாரும் யாரிடமும் பேசவில்லை.

அந்த மாத்திரை பற்றி நான் தேடிப் படித்தது இது. காரணம் தெரியாமல் அடுத்தடுத்து கரு கலைந்த எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. பலன் இல்லை. அடுத்து, ஆரம்ப கர்ப்பத்தில் ரத்தம் பட்ட 4,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஓர் ஆய்வு. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் அரி குமாரசாமி தலைமையில் நடந்து 2019-ல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் அதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே மூன்று அல்லது அதற்கு மேல் இழந்து, இப்போது ரத்தமும் பட்டவர்களில், மருந்து எடுத்தவர்கள் 72 சதவிகிதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 57 சதவிகிதம். ஆக, ஒருத்திக்கு வேலை செய்கிற மருந்து அடுத்தவளுக்கும் வேலை செய்யும் என்று சொல்லவே முடியாது. யாருக்கு, எப்போது என்பதை டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

சண்டைக்குப் பிறகு ஒரு விதி வந்தது: கேள்வி பகிரலாம், மருந்து பகிரக் கூடாது. பஸ் காசுக்கு மட்டும் நாலு பேரும் ஆளுக்கு நூறு ரூபாய் ஒரு டப்பாவில் போடுகிறார்கள். சின்னாளபட்டி அக்கா வீட்டு சாமி அலமாரியில் இருக்கிறது.

இன்னொரு விதி, ‘தள்ளிப்போச்சா?’ என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. ஊரே கேட்கிற கேள்வி அங்கே மட்டும் கிடையாது.

ஆறு வாரம் லீவு இருக்கிறது, தெரியுமா?

இது வேலைக்குப் போகிற பெண்களுக்கு. 1961-ம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டத்தின் 9-வது பிரிவு, கருச்சிதைவானால் அடுத்த நாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு தரச் சொன்னது. 2020-ல் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இதே ஆறு வாரம்தான். மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும். உடம்பு தேறவில்லை என்றால் மேலும் ஒரு மாதம் வரை கேட்கலாம். இ.எஸ்.ஐ-யில் இருப்பவர்களுக்கு அங்கிருந்தே ஆறு வாரப் பணப்பயன் உண்டு. பங்களிப்பு நாள் கணக்கு மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

அந்த 1961 சட்டத்தில் என்னை நிறுத்திவைத்த ஒரு வரி உண்டு. இருபத்தாறாவது வாரம் முடியும்வரை போனால் கருச்சிதைவு. அதற்குப் பிறகு என்றால் அது பிரசவம். இறந்து பிறந்த குழந்தையும் அந்தச் சட்டத்தின் வரையறையில் ‘குழந்தை’தான். 2021-ல் நியூசிலாந்து நாடாளுமன்றம் கருச்சிதைவுக்கு மூன்று நாள் துக்க விடுப்பு கொடுத்தபோது உலகமே பாராட்டியது. நம்மிடம் ஆறு வாரம் அறுபது வருடமாக இருக்கிறது.

இருந்து என்ன? என் அக்கா நாலு நாள்தான் எடுத்தாள். அக்கவுன்ட்ஸ் பிரிவில் வேலை, சம்பளப் பட்டியல் போடுகிறவளே அவள்தான். மற்றவர்களின் மகப்பேறு விடுப்பைக் கணக்குப் போட்டிருக்கிறாள். இந்த விடுப்பை ஒருவர்கூட கேட்டு அவள் பார்த்ததில்லை. திண்டுக்கல்லைச் சுற்றி இத்தனை நூற்பாலைகள், இத்தனை ஆயிரம் இளம்பெண்கள். ஒருவருக்குமா நடந்திருக்காது? “இப்ப ஸ்பின்னிங்ல எந்தப் புள்ளயாவது முகம் வெளுத்துப்போய் லீவு லெட்டரோட வந்தா, கதவைச் சாத்திட்டு என்னன்னு கேக்குறேன்” என்கிறாள் அக்கா. இதுவரை மூன்று பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

கூடி உட்கார்ந்தால் என்ன நடக்கும்?

நாலு பெண்கள் உட்கார்ந்து பேசுவதால் என்ன ஆகிவிடப்போகிறது என்று எங்கள் டெஸ்க்கிலேயே ஒருவர் கேட்டார். பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது.

ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ‘ஏக்ஜுட்’ என்ற அமைப்பு பழங்குடி கிராமங்களில் பெண்கள் குழுக்களைக் கூட்டியது. மாதம் ஒரு கூட்டம். நடத்துபவர் அதே ஊர்ப் பெண். கதை, விளையாட்டு, படம் வைத்து பிரசவத்திலும் பிறந்த பிறகும் என்ன தவறுகிறது, நாமே என்ன செய்யலாம் என்று பேசினார்கள். 2010-ல் வெளியான முடிவின்படி, குழுக்கள் இருந்த பகுதிகளில் பச்சிளம் குழந்தை இறப்பு மூன்றாண்டுகளில் 32 சதவிகிதம் குறைவாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் தாய்மார்களிடம் நடுத்தர அளவு மனச்சோர்வு 57 சதவிகிதம் குறைந்தது. மனச்சோர்வுக்கென்று அங்கே யாரும் சிகிச்சை கொடுக்கவில்லை. 2014-ல் உலக சுகாதார நிறுவனமே இந்த முறையைப் பரிந்துரைத்தது.

கோவாவில் இன்னொன்று. மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளுக்குத் துணையாக, மருத்துவப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்த் தாய்மார்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். அவர்களுக்குப் பெயர் ‘சகி’. தோழி என்று அர்த்தம். 2019-ல் வெளியான முடிவில், சகி போய்வந்த பெண்களில் அதிகம் பேர் மீண்டிருந்தார்கள். இது பிள்ளையை இழந்தவர்களுக்கான திட்டம் இல்லைதான். ஆனால் படித்த டாக்டர் மட்டுமே ஆற்ற முடியும் என்பதில்லை, அதே பாதையில் நடந்தவர் போதும் என்பதற்கு அது ஓர் ஆதாரம்.

அதற்கும் முன்னால், 1984-ல், நார்வேயில் ஸ்ட்ரே-பெடர்சன் என்ற மருத்துவத் தம்பதி ஒன்றைக் கவனித்தார்கள். காரணம் தெரியாமல் தொடர்ந்து கரு கலைந்த பெண்களில், அடுத்த கர்ப்பத்தின்போது வாராவாரம் வரச்சொல்லி ஆதரவாகப் பேசிப் பார்த்துக்கொண்டவர்களில் 86 சதவிகிதம் பேருக்கு கர்ப்பம் நல்லபடியாக முடிந்தது. அந்த கவனிப்பு கிடைக்காதவர்களில் 33 சதவிகிதம். சின்ன ஆய்வு, குலுக்கல் முறையில் பிரித்ததும் இல்லை. அதனால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. ஆனாலும் இன்றைக்கும் பல நாடுகளில் இப்படிப்பட்டவர்களுக்குத் தனி கிளினிக், அடிக்கடி ஸ்கேன், பேச ஒரு நர்ஸ் என்று ஏற்பாடு செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சின்னாளபட்டி என்றதும் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் காந்திகிராமம். 1947-ல் அதைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம், டி.வி.எஸ் குடும்பத்துப் பெண். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். பிறகு டெல்லியில் மருத்துவம் படித்து, ஜி.ராமச்சந்திரனை மணந்து, இந்த வட்டாரத்துப் பெண்களின் பிரசவம் பார்க்க வந்தவர். அவர் கட்டிய கஸ்தூர்பா மருத்துவமனையில் பிறந்தவர்கள் இந்தப் பக்கம் தெருவுக்குப் பத்து பேர் இருப்பார்கள். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. அங்கேயோ இங்கேயோ ஒரு அறை, மாதம் ஒரு நாள், இழந்தவர்கள் வந்து உட்கார என்று ஒதுக்கினால் பெரிய செலவாகாது. நாற்காலியும் டீயும்தான். அந்தக் குண்டுக் குழந்தை போஸ்டரை மட்டும் அன்றைக்குக் கழற்றிவிட வேண்டும்.

கோயில், தர்கா, வளைகாப்பு

பேச்சு மட்டுமே இல்லை, வேண்டுதலும் உண்டு. கோட்டை மாரியம்மனுக்கு என் அக்கா வேண்டியிருக்கிறாள். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்கு அக்காவும் சின்னாளபட்டி அக்காவும் சேர்ந்தே போய் நெய் வாங்கி வந்தார்கள். பேகம்பூர் அக்கா தன் பங்குக்கு நாலு பேருக்கும் சேர்த்து துவா செய்கிறார். பேகம்பூருக்கு அந்தப் பெயர் வந்ததே அமீருன்னிசா பேகத்தின் கல்லறை அங்கே இருப்பதால். ஹைதர் அலி குடும்பத்துப் பெண், பிரசவத்தில் இறந்தார் என்று ஊர் வரலாறு சொல்கிறது. “அந்தம்மாவுக்குத் தெரியாத வலியா?” என்கிறார் பேகம்பூர் அக்கா.

வளைகாப்புதான் பெரிய கண்டம். கூப்பிட்டால் போக முடியாது, கூப்பிடாவிட்டால் தாங்க முடியாது. நிலக்கோட்டைத் தங்கையை அவள் ஓரகத்தி வளைகாப்பில், “நீ முன்னால வராத, உள்ள பாத்திரத்தைப் பாரு” என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரை மூன்று பேரும் மாறி மாறி அவளிடம் பேசியிருக்கிறார்கள். இப்போது யாருக்கு வளைகாப்பு அழைப்பு வந்தாலும், அதே நாளில் நாலு பேருக்கும் ‘கண்டிப்பாகப் போக வேண்டிய’ வேறு வேலை வந்துவிடுகிறது. ஒரு முறை அந்த வேலை, மலைக்கோட்டை ஏறியது!

எப்படிச் சொல்வது?

இந்த மாதிரி ஒரு கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. என்றைக்காவது ஒருத்திக்கு நாள் தள்ளிப்போகும். எல்லோரும் வேண்டிக்கொள்வது அதற்காகத்தான். பயப்படுவதும் அதற்காகத்தான்.

இந்த வருடம் அது நடந்தது. சின்னாளபட்டி அக்காவுக்கு இரண்டு கோடு. அதே வாரத்தில்தான் நிலக்கோட்டைத் தங்கைக்கு மூன்றாவதும் கலைந்திருந்தது.

சின்னாளபட்டி அக்கா ஆறு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாத ஞாயிற்றுக்கிழமையை ‘வீட்டுல விருந்தாளி’ என்று தள்ளிப்போட்டார். பிறகு என் அக்காவுக்கு போன். “நான் அந்தப் புள்ளகிட்ட எப்படிடி சொல்றது? நேர்ல போய் சொல்லவா?”

என் அக்கா யோசித்துச் சொன்னது இது. “வேணாம்க்கா. நேர்ல சொன்னா அவ உடனே சிரிக்கணும். போன்ல சொன்னா குரலை மாத்தணும். மெசேஜ் போடுங்க. தனியா படிப்பா, அழணும்னா அழுவா, அப்பறமா பதில் போடுவா. போடலைன்னாலும் கோவிச்சுக்காதீக.”

இதை அனுபவிக்காத யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நானாக இருந்தால் ஸ்வீட் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

மெசேஜ் போனது. ‘தங்கச்சி, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. உனக்கு எப்படி இருக்கும்னு தெரியும். பதில் போட வேணாம்.’

நீலநிற டிக் விழுந்தது. பதில் இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். சின்னாளபட்டி அக்காவுக்கு மசக்கை வாந்தியைவிட அந்த டிக்தான் வயிற்றைப் பிசைந்திருக்கிறது. அக்கா பஸ் ஏறி நிலக்கோட்டைக்குப் போய்ப் பார்த்தாள். தங்கை தோட்டத்தில் இருந்தாள். இரண்டு பேரும் அரைமணி நேரம் மொட்டு பறித்தார்கள். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பதினோராம் நாள் ராத்திரி பதில் வந்தது. இரண்டே வார்த்தை. ‘ஸ்கேன் என்னிக்கு?’

அதற்கப்புறம் ஆறாவது வாரம், எட்டாவது வாரம், பன்னிரண்டாவது வாரம் என்று மூன்று ஸ்கேன் ஆகிவிட்டது. சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்டால் சின்னாளபட்டி அக்காவுக்கு பதில் சொல்லத் தெரியவில்லை. பாத்ரூம் போகும்போதெல்லாம் உள்ளாடையில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். வாந்தி நின்ற அன்றைக்கு, ‘ஏன் நின்னுச்சு?’ என்று பயந்து அழுதிருக்கிறார். வீட்டில் இனிப்பு செய்ய விடவில்லை. இழப்புக்குப் பிறகு வரும் கர்ப்பம் இப்படித்தான் இருக்கும்போல. கேலண்டரில் பதினெட்டாவது வாரத்தை மட்டும் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். போன முறை அந்த வாரத்தில்தான்.

என் அக்கா இப்போது டாக்டர் சொன்ன ஆறு மாத இடைவெளியை முடித்துவிட்டாள். அந்த ஆறு மாதம் உலக சுகாதார நிறுவனம் 2005-ல் சொன்ன கணக்கு. ஸ்காட்லாந்தில் 30,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளைப் பார்த்து 2010-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குள் மறுபடி உண்டானவர்களுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் நன்றாகவே இருந்தது. ஆனால் அது ஆரம்பத்திலேயே கலைந்தவர்கள் சேர்ந்த கணக்கு, அக்காவுக்கு ஐந்தாவது மாதம். உடம்பு தேற டாக்டர் கேட்ட நேரத்தைக் கொடுத்தாள். “உடம்பு எப்பவோ ரெடி. எனக்குத்தான் இப்ப வேணுமான்னு தெரியல” என்றாள். மாமாவும் அவசரப்படுத்தவில்லை.

வரும் செவ்வாய்க்கிழமை பதினெட்டாவது வார ஸ்கேன். காலையில் எட்டு மணிக்கே போய் டோக்கன் போடுவது பேகம்பூர் அக்கா வேலை. அக்கா அரைநாள் லீவு சொல்லியிருக்கிறாள். நிலக்கோட்டைத் தங்கை வருகிறாள், ஆனால் உள்ளே வர மாட்டாளாம். அந்த பெஞ்சில் உட்கார இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டாள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜூஸ் கடையில் இருப்பாள். ஸ்கேன் முடிந்ததும் முதல் போன் வீட்டுக்கு இல்லை, அவளுக்குத்தான் என்று முடிவாகியிருக்கிறது.